நோயாளரும் ஆசிரியரே: நீர்வேலியிலிருந்து ஒரு வேண்டுகோள்

போதனா வைத்தியசாலை வாட்டுகளில் மருத்துவ மாணவர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பதும், விளக்கம் ஆங்கிலத்தில் நடப்பதும் வழக்கம். கட்டிலில் கிடப்பவர் நீர்வேலி வாழைத் தோட்டக்காரராக இருக்கலாம். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் அவருக்கு விளங்கும். வயிற்றைத் தொடுமுன் "ஐயா, பார்க்கலாமோ?" என்று கேட்கும் பழக்கம் தானாக வராது, அதையும் கற்பிக்க வேண்டும்.

இதை வலியுறுத்தவே நீர்வேலியின் ஆசிரியர்கள், இளைப்பாறிய தாதியர், தோட்டக்காரர், பெற்றோர் சிலர் ஒன்றுகூடி அயலூராரை அழைக்கிறோம். மருத்துவ அறவியலும், இலக்கியம், வரலாறு, நாடகம் வழியாக மனிதரை அறியும் கல்வியும் வருங்கால வைத்தியருக்கு உடற்கூற்றியல் அளவுக்கு முக்கியம் என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த அக்கறை புதிதல்ல. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் கற்றார். மானிப்பாயில் மாணவரைப் பயிற்றினார். பிற்காலத்தில் தமிழிலேயே பாடம் நடத்தினார். அவருடைய முயற்சியில் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் வெளிவந்தது. நோயாளியின் மொழியிலேயே வைத்தியர் உருவாக வேண்டும் என்று உழைத்தவர் அவர்.

யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அதன் தலைமுறைகள் அறத்தைப் போரின் நடுவே கற்றன. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ். வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளரும் ஊழியருமாக 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாதியரோடு கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரமும் அவர்களில் ஒருவர்.

அதே மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டவர். 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களின் வரலாறு ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் பாடமாக வேண்டும்.

இந்தியாவில் 2019 முதல் மருத்துவப் பட்டப்படிப்பில் மனப்பாங்கு, அறம், உரையாடல் ஆகியவை கட்டாயப் பாடம். இங்கும் அறம் விரிவுரையோடு நின்றுவிடாமல் வாட்டிலும் பரீட்சையிலும் அளவிடப்பட வேண்டும்.

ஊரவர் செய்யக்கூடியவை பல. மாணவர் கேட்கும்போது நோயோடு வீட்டு நிலைமையையும் சொல்லுங்கள். மாணவர் பரிசோதிப்பதில் விருப்பமில்லையென்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அது உங்கள் உரிமை. சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்திடுமுன் என்ன செய்வார்கள், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். மருத்துவக் கல்விக்கு உடலைத் தானம் செய்வது பற்றி வீட்டாரோடு பேசுங்கள்.

எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் மாணவரோடு உரையாட முன்வாருங்கள். பிள்ளையை வைத்தியராக்க விரும்பும் பெற்றோரே, உயர்தரப் பெறுபேற்றோடு அந்தப் பிள்ளை அடுத்தவரின் துன்பத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தக் கோரிக்கையை உங்கள் வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் பேசுபொருளாக்கி, மருத்துவபீடத்திடம் எழுத்தில் கொண்டுசெல்ல எங்களோடு இணையுங்கள்.