உரிச்சா வந்துடுமாம்!

சேலையூர் கேம்ப் ரோடு சிக்னல்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு கார்களை எண்ணிப் பாருங்க. வெள்ளை, வெள்ளை, சில்வர், வெள்ளை, சாம்பல், மறுபடியும் வெள்ளை. நடுவுல திடீர்னு ஒண்ணு வரும். பளபளப்பே இல்லாம, ஸ்கூல் கரும்பலகைக்கு நாலு சக்கரம் வெச்ச மாதிரி. சிக்னல்ல நிக்கிற அத்தனை பேரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க. மேட் ஃபினிஷோட மகிமை அது.

இந்த மேட் லுக் வேணும்னா மூணு வழி இருக்கு. ஒண்ணு, நிஜமாவே மேட் பெயிண்ட் அடிக்கிறது. ரெண்டு, வினைல் ஸ்டிக்கர் ஒட்டறது. மூணாவது, ரப்பர் கோட்டிங்கை ஸ்ப்ரே பண்றது. மூணாவதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ஏன்னா, அதை விக்கிறவங்க எல்லாரும் ஒரே ஒரு வரியைச் சொல்லித்தான் விக்கிறாங்க: "பிடிக்கலைன்னா உரிச்சிடலாம் பாஸ், ஒரிஜினல் பெயிண்ட் அப்படியே இருக்கும்!"

அந்த வரி பொய் இல்ல. ஆனா பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்ளோ நீளம்.

முதல்ல இது என்ன சமாச்சாரம்னு பார்த்துடுவோம். ஜெராக்ஸ்ங்கிறது ஒரு கம்பெனி பேரா இருந்து நம்ம ஊர்ல நகல் எடுக்கிற கடைக்கே பேரான மாதிரி, இந்தக் கோட்டிங்குக்கு உலகம் முழுக்க "பிளாஸ்டி டிப்"னு பேர் நின்னுடுச்சு. அது அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துக் கம்பெனி ஒண்ணோட சரக்கு, 1972-லயே வந்தது. அப்போ காருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் மாதிரி டூல்ஸோட கைப்பிடியை அந்தத் திரவத்துல முக்கி எடுப்பாங்க. காய்ஞ்சா கைக்கு வழுக்காத ரப்பர் உறை ரெடி. முக்கறதாலதான் பேர்லயே "டிப்". ரொம்ப வருஷம் கழிச்சுத்தான், இதையே ஸ்ப்ரே கன்ல ஊத்தி முழுக் காருக்கும் அடிக்கிற பழக்கம் அங்க பெருசா கிளம்புச்சு. அப்புறம் வீடியோ பார்த்துப் பார்த்து நம்ம ஏரியா ஷெட் வரைக்கும் வந்தாச்சு.

விஷயம் ரொம்ப சிம்பிள். செயற்கை ரப்பரைக் கரைப்பான்ல கரைச்சு அடிக்கிறாங்க. கரைப்பான் ஆவியாப் போயிடும், ரப்பர் மட்டும் ஒரு தோல் மாதிரி தங்கிடும். சாதாரண பெயிண்ட் நல்லாப் பிடிக்கணும்னு எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பாங்க இல்லையா? இங்க அந்த வேலையே கிடையாது. வழவழப்பான ஒரிஜினல் பெயிண்ட் மேல சும்மா இறுக்கமா உட்கார்ந்திருக்கும், அவ்ளோதான். மேட் லுக் எப்படி வருதுன்னா, அதோட மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுல சொரசொரப்பா இருக்கு. விழற வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி ஒரே பக்கம் திருப்பாம நாலா பக்கமும் சிதறடிக்குது.

இதுக்கு ஆசைப்படறவங்களைக் கிண்டல் பண்றது என் வேலை இல்ல. செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி வாங்கி, அது நம்ம வண்டி மாதிரி தெரியணும்னு நினைக்கிறதுல ஒரு தப்பும் இல்ல. கோட்டிங்குல நிஜமான லாபமும் இருக்கு. ஃபேக்டரியில பாடியை முதல்ல கரண்ட் ஓடற தொட்டியில முக்கி, அப்புறம் பிரைமர், கலர், கிளியர் கோட்னு அடுக்கடுக்கா அடிச்சு, சுமார் 140 டிகிரி சூட்டுல வேக வைப்பாங்க. அத்தனை அடுக்கும் சேர்ந்தே 100 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன். இருங்காட்டுக்கோட்டையிலயோ ஒரகடத்துலயோ அடிச்சு அனுப்பின அந்த ஃபினிஷை எந்தத் தெருமுனை ஷெட்டும் அப்படியே திருப்பிக் கொண்டு வர முடியாது. பழைய கார் வாங்க வர்றவர் முதல்ல கேட்கிறதே "பெயிண்ட் ஒரிஜினலா, பட்டி பார்த்ததா?"ன்னுதானே. அந்த ஒரிஜினலைச் சின்னக் கீறல்ல இருந்து ஒரு ரப்பர் தோல் காப்பாத்துதுன்னா நல்லதுதான்.

சரி, அப்போ எங்க இடிக்குது?

எங்க கிளாஸ்ல டெரிவேட்டிவ்ஸ்னு ஒரு பாடம் உண்டு. அதுல ஆப்ஷன்னு ஒண்ணு வரும். ஆப்ஷன்னா ஒரு உரிமை, கட்டாயம் இல்ல. வேணும்னா பயன்படுத்தலாம், வேணாம்னா விட்டுடலாம். ஆனா அந்த உரிமைக்கு பிரீமியம் கட்டணும், அதுக்கு எக்ஸ்பயரி தேதியும் உண்டு. தேதி தாண்டினா அந்தக் காகிதம் சுண்டல் மடிக்கத்தான் லாயக்கு. ரப்பர் கோட்டிங்கும் அதே கதைதான். நீங்க காசு கொடுத்து வாங்கறது கலரை இல்ல, மனசை மாத்திக்கிற உரிமையை. உரிக்கிற உரிமை! அதோட எக்ஸ்பயரி தேதியை மட்டும் யாரும் பில்லுல எழுதித் தர்றதில்ல.

அந்தத் தேதியைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம்.

முதலாவது தடிமன். அஞ்சாறு கோட் அடிச்சாத்தான் ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா போர்வை மாதிரி முழுசா வரும். சரக்கை மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு மூணு கோட்டோட நிறுத்தினா, வெயில்ல சருமம் உரியற மாதிரி துண்டு துண்டா வரும். அப்புறம் நகத்தால சுரண்ட வேண்டியதுதான். அதுக்கு ஒரு வைத்தியமும் இருக்கு: மேல இன்னும் நாலு கோட் அடிச்சுத் தடிமனாக்கி, எல்லாத்தையும் சேர்த்து உரிக்கணும். அதாவது, கழட்டறதுக்காக மறுபடியும் காசு!

ரெண்டாவது வெயில். அக்னி நட்சத்திரத்துல மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டறது நமக்குப் புதுசா? நிழல்ல அளந்தா 40. வெயில்ல நிக்கிற கறுப்பு பானெட் 60-ஐ சர்வசாதாரணமா தாண்டும். புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்தா ரப்பர்ல இருக்கிற இழுவைத்தன்மை கொஞ்சம் கொஞ்சமா போயிடும். இழுவை போனா அது உரியாது, பிய்யும். ரெண்டு மூணு வருஷம் வரும்னு பொதுவாச் சொல்றாங்க. ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டிக்கும், மேடவாக்கத்துல தெருவோரமா நாள் பூரா காயற வண்டிக்கும் அதே கணக்கு எப்படிப் பொருந்தும்?

மூணாவது நம்ம தண்ணி. தெற்குப் புறநகர்ல பாதிப் பேர் வண்டி கழுவறது போர் தண்ணியில. பளபளப்பான பெயிண்ட்ல உப்புக் கறை படிஞ்சா பாலிஷ் போட்டு எடுத்துடலாம். மேட் மேல பாலிஷ் போட்டா தேய்ச்ச இடம் மட்டும் மினுங்கி, வழுக்கை விழுந்த மாதிரி திட்டா தெரியும். பெட்ரோல் இன்னும் மோசம். பங்க்ல டேங்க் வாய்ல நாலு சொட்டு வழிஞ்சா ரப்பர் இளகி, அந்த இடம் அசிங்கமா ஆயிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் நம்ம குணம்தான் :-) புது கார் சீட்டோட பிளாஸ்டிக் கவரை மூணு வருஷம் கழட்டாத ஊர் இது. டிவி ரிமோட்டைப் பாலித்தீன் பையோடவே பயன்படுத்தற ஜனங்க நாம. "அடுத்த மாசம் உரிச்சுக்கலாம்"னு தள்ளிப்போட்டு, கோட்டிங் காய்ஞ்சு கருவாடா ஆனப்புறம்தான் ஞாபகம் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. முழு வண்டிக்கு 30,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். (கணக்குக்காக நானா போட்ட தொகை, எந்தக் கடை ரேட்டும் இல்ல.) அஞ்சு வருஷம் தாங்கும்னு நினைச்சு அடிச்சா மாசம் 500 ரூபாய். ரெண்டே வருஷத்துல உரிச்சாகணும்னா மாசம் 1,250. நேரத்துக்கு உரிக்காம விட்டு, கூலி கொடுத்துச் சுரண்டினா அதுவும் மேல. பெயிண்ட்டை விட மலிவுன்னு சொல்றவங்க எல்லாம் அஞ்சு வருஷக் கணக்கை மனசுல வெச்சுத்தான் சொல்றாங்க.

அடுத்தது சட்டம். ஆர்.சி.யில நிறம்னு ஒரு கட்டம் இருக்கு. வண்டியோட கலரை மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி அதுல பதிஞ்சுக்கணும். "இது பெயிண்ட் இல்ல சார், ரப்பர், உரிச்சா வந்துடும்"னு ராத்திரி செக்கிங்ல விளக்கம் கொடுத்துப் பாருங்க. கையில இருக்கிற காகிதத்துல வெள்ளை, எதிர்ல நிக்கிறது கறுப்பு. அவர் எதை நம்புவார்? இதுல எனக்குப் போலீஸ் மேல கோபம் வரல. இடிச்சுட்டு நிக்காம போன வண்டியைப் பார்த்தவங்களுக்கு நம்பர் ஞாபகம் இருக்காது, கலர்தான் ஞாபகம் இருக்கும். கார் கண்ணாடியில ஒட்டற கறுப்பு ஃபிலிமும் உரிச்சா வர்றதுதானே? 2012 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அதைக் கூடாதுன்னு சொன்னப்போ, உரிக்க வரும்ங்கிறது ஒரு சமாதானமா எடுபடல.

இன்னொண்ணு முக்கியம். மேட்ல ரொம்பப் பேருக்குப் பிடிச்ச கலர் மிலிட்டரி பச்சை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121-வது விதி, ராணுவத் துறை வண்டியைத் தவிர வேற எதுக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாதுங்குது. விமானப்படைத் தளத்தை ஊருக்குள்ளயே வெச்சிருக்கிற தாம்பரத்துக்காரங்க இதைக் கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கறது நல்லது.

கடைசியா, நம்ம கண்ணுல படாத ஒருத்தர்: ஸ்ப்ரே அடிக்கிற தம்பி. ஆவியாப் போற அந்தக் கரைப்பான் எங்க போகுது? பாதி அவர் நுரையீரலுக்குத்தான். மூஞ்சியில கட்டற கர்ச்சீப் தூசியைக்கூட முழுசா தடுக்காது, ஆவியைச் சுத்தமா தடுக்காது. அதுக்குக் கரி வடிகட்டி வெச்ச மாஸ்க் வேணும், நல்ல காத்தோட்டம் வேணும். அது தீப்பிடிக்கிற சரக்கு வேற. அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்ல, பக்கத்துல இன்வெர்ட்டரும் பைக்குகளும் இருக்கிற இடத்துல, டப்பாவைக் குலுக்கிக்கிட்டு நிக்கிறது வீரம் இல்ல.

அப்போ அடிக்கவே கூடாதா? அடிங்க, சின்னதா அடிங்க. வீல், கிரில், பேட்ஜ், மிரர் கவர். ஆர்.சி. சொல்ற நிறம் அப்படியே இருக்கும், வண்டி தனியாத் தெரியும். பிடிக்கலைன்னா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல நீங்களே உட்கார்ந்து உரிச்சிடலாம். உரிக்கிற உரிமை அங்கதான் நிஜமா உங்க கையில இருக்கு.

முழு வண்டிக்கும்தான் வேணும்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை கோட்னு பில்லுல எழுதி வாங்குங்க. அடிச்ச தேதியைப் போன்ல குறிச்சு, ரெண்டு வருஷத்துக்கு ரிமைண்டர் வைங்க. ஏற்கெனவே டிங்கரிங் பண்ணி ரீபெயிண்ட் அடிச்ச பேனல் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, உரிக்கிறப்போ அடிப் பெயிண்ட்டும் சேர்ந்து வர வாய்ப்பு இருக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையையும் பட்ஜெட்ல சேர்த்துக்குங்க.

கோட்டிங் அடிச்சு ரெண்டு வருஷம் தாண்டின வண்டி யார்கிட்டயாவது இருந்தா, கீழே பம்பர் ஓரத்துல ஒரு முனையைக் கிள்ளி இழுத்துப் பாருங்க. போர்வையா வருதா, பொடியா வருதா? எத்தனை கோட், எந்த ஏரியா வெயில்ங்கிறதோட சேர்த்துச் சொல்லுங்க, அடுத்து அடிக்கப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.