கைகலப்பும் 'சொந்தப் பகை' என்னும் புகலிடமும்

தொழிலாளர் சட்டம் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "இரண்டு தொழிலாளர்கள் அடித்துக்கொண்டால் அதற்கு முதலாளி ஏன் இழப்பீடு தரவேண்டும்?" கேட்பவர் பெரும்பாலும் புன்னகையோடுதான் கேட்கிறார். அவையும் புன்னகைக்கிறது. அந்தப் புன்னகையோடுதான் எனக்கு வழக்கு.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பு. விலக்குகள் சிலவே: குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல். கைகலப்பு அப்பட்டியலில் இல்லை. அந்த விலக்குகளும்கூட மரணத்துக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ பொருந்தா. போதையில் விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, தெளிந்த நிலையில் சக ஊழியரின் இரும்புக்கம்பிக்குத் தலைகொடுத்தவருக்கு இல்லையென்று வாதிடுவது எந்த நியாயம்?

வேண்டுமென்று அடித்தது எப்படி 'விபத்து' ஆகும் என்பார்கள். அடித்தவருக்கு அது விபத்தன்று; அடிபட்டவருக்கு விபத்துதான். மாணவர்களால் கொல்லப்பட்ட ஆசிரியரின் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1914இலேயே இதை ஏற்றது. 2000இல் ரீட்டா தேவி வழக்கில், ஆட்டோவைத் திருடுவதற்காக ஓட்டுநரைக் கொன்றதை விபத்தாகவே நம் உச்ச நீதிமன்றமும் கொண்டது.

ஆகவே எதிர்த்தரப்புக்கு மிஞ்சுவது ஒரே புகலிடம்: 'சொந்தப் பகை'. ஊரில் வரப்புத் தகராறில் தொடங்கிய பகை ஆலைக்குள் வெடித்தால் அது வேலையின் விளைவன்று, இதை மறுக்கவில்லை. ஆனால் இரவுப்பணியின் பதினோராம் மணிநேரத்தில், ஒரே தள்ளுவண்டிக்கு இருவர் காத்திருக்கையில், துண்டுக்கூலிக் கணக்கு குறைந்துவிடும் என்ற பதற்றத்தில் மூளும் சண்டை யாருடைய சொந்தச் சண்டை? வண்டியை வாங்காதவர் யார்? இலக்கை நிர்ணயித்தவர் யார்? மேற்பார்வையாளர் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்த, திருப்பிக் கேட்டவர் தாக்கப்பட்டால் அதையும் 'தனிப்பட்ட விவகாரம்' என்று எழுதிவிடலாம். கோப்பில் சாதிக்கு அதைவிட நாகரிகமான மாற்றுப்பெயர் இல்லை.

இதைப் பிரித்தறியும் சுமையும் தொழிலாளியின் தலையில்தான். வேலையின்போது நேர்ந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, வேலையின் காரணமாகவே நேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்றது ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 51ஏ பிரிவு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த அனுமானம் இருக்கவில்லை; நிரூபிக்கும் பொறுப்பு கோருபவருக்கே என்று மக்கின்னன் மெக்கன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. சாட்சி யார்? அதே முதலாளியிடம் மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய சக தொழிலாளிகள். போதாக்குறைக்கு, ஒழுங்கீனம் என்று நிலையாணைகளின்கீழ் விசாரணை வேறு. உடைந்த கையோடு வேலையும் போகும்.

பிரித்தானியா 1961இல் இதற்குச் சட்டத்திலேயே வழி கண்டது. சக ஊழியரின் தவறான நடத்தையால் காயமுற்றவர், தாமே அதைத் தூண்டவில்லையெனில், அது வேலையால் விளைந்த காயமாகவே கருதப்படும். இங்கே 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு முதலாளியின் பொறுப்பைப் பேசுகையில் பழைய சொற்றொடரையே எடுத்தாண்டது. 51ஏ தந்த அனுமானத்தை ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே நிற்பவருக்கும் விரிக்கவேண்டும். சொந்தப் பகை என்று சொல்பவரே அதை நிரூபிக்கவேண்டும். "முதலில் கைநீட்டியது யார்?" என்று இழப்பீட்டு ஆணையர் கேட்பதற்குமுன், "அன்று அந்தப் பிரிவில் எத்தனை பேர் வேலை செய்திருக்கவேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று முதலாளியைக் கேட்கட்டும்.