ஆட ஒரு பையன் வேணும்... அதுக்கும் வரதட்சணையா?

போன வாரம் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக் கடையில் நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தரைப் பார்த்தேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே விசாரித்தார்.

"பாப்பா இன்னும் டான்ஸ் கிளாஸ் போறாளா தம்பி?"

"போறா அண்ணாச்சி."

"பரதம்தானே?"

"இல்ல, பால்ரூம்."

"பாலுவா? எந்தப் பாலு?"

ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற வெள்ளைக்காரன் ஆட்டம், வால்ட்ஸ், டேங்கோ, சா சா சா என்று விளக்கினேன். முருங்கைக்காய் கூடைக்கே திரும்பிப் போய்விட்டது.

"கூட ஆடுறது யாரு?"

"அதான் அண்ணாச்சி பிரச்சினை. ஒரு வருஷமா யாருமே கிடைக்கலை."

"நல்லதாப் போச்சு!" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அந்த "நல்லதாப் போச்சு"க்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கடையில் வாயடைத்து நின்றுவிட்டேன், வழக்கம் போல. வீட்டுக்கு வந்து கை கால் கழுவின பிறகுதான் நமக்கெல்லாம் வீரம் வரும் :-)

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. போட்டி பால்ரூமில் இரண்டு பிரிவு. ஸ்டாண்டர்டில் வால்ட்ஸ், டேங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப். லத்தீனில் சா சா சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ். ஆக மொத்தம் பத்து ஆட்டம். இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் 1920-லிருந்து திருவிழா மாதிரி போட்டி நடக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1997-லேயே இதை ஒரு விளையாட்டு என்று அங்கீகரித்துவிட்டது. அதனால் "கிளப்புல குடிச்சிட்டு ஆடுறது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

இந்த விளையாட்டில் ஒருவர் லீடர், இன்னொருவர் ஃபாலோயர். தளத்தில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் சுற்றும். எந்தப் பக்கம் போவது, யார் மேலும் இடிக்காமல் எப்படித் திரும்புவது என்று முடிவெடுப்பது லீடர் வேலை. அதைக் கையால் இழுக்காமல் உடம்பின் அசைவிலேயே சொல்ல வேண்டும். பின்னால் கண் இல்லாமல் பின்னோக்கியே நடந்து, அந்தச் சொல்லை அந்தக் கணத்திலேயே புரிந்துகொள்வது ஃபாலோயர் வேலை. தனியாகப் பயிற்சி செய்யலாம், ஆனால் பாதிதான் வரும். ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம்தான் சப்பாத்தி தேய்ப்பது?

உலகம் முழுக்க இந்த ஆட்டத்துக்குப் பெண்கள் அதிகமாக வருகிறார்கள், ஆண்கள் குறைவு. பி.காம். முதல் வருஷத்துப் பாடம்தான், டிமாண்ட் அண்ட் சப்ளை. சரக்கு குறைந்தால் விலை ஏறும். பார்ட்னர் தேடும் விளம்பரங்களில் உயரம், வயது, ஆடும் தரம், ஊர் எல்லாம் போடுவார்கள். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. அமெரிக்காவில் 'ப்ரோ-ஆம்' என்று ஒரு முறையே இருக்கிறது. ஜோடி கிடைக்காதவர் தன் ஆசிரியரையே காசு கொடுத்துப் போட்டிக்கு அழைத்துப் போகலாம். உல்லாசக் கப்பல்களில் தனியாக வரும் பெண்மணிகளோடு ஆடுவதற்கென்றே ஆண்களை வேலைக்கு வைத்ததுண்டு.

நம்ம கதைக்கு வருவோம். பெண்ணுக்கு இப்போது பதினாறு. பதினோரு வயதில் சேர்ந்தாள். முதல் பையன் அவள் காதளவுக்குத்தான் இருந்தான். பெண் பிள்ளைகள் ரெண்டு வருஷம் முன்னாலேயே வளர்ந்துவிடுவார்கள், அவன் வளர்வதற்குள் அவன் அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. (டிரான்ஸ்ஃபரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதே பொழப்புதான்.) இரண்டாவது பையன் நன்றாக ஆடினான். ஒன்பதாவது முடிந்ததும் ஐஐடி கோச்சிங், போயே போய்விட்டான். மூன்றாவது பையனின் அப்பாதான் இந்தப் பதிவின் நாயகர்.

"எங்க பையனை நாலு பேர் கேக்கறாங்க சார்" என்று ஆரம்பித்தார். பையனுடைய கிளாஸ் ஃபீஸ், ஸ்வேட் அடி வைத்த ஷூ, போட்டிக்கு டெயில் கோட்டு, வெளியூர்ப் பயணம், கூட வரும் அவருக்கு ஏசி டிக்கெட், எல்லாம் எங்கள் செலவாம். "இதுதான் வழக்கம்" என்றார். தங்கமணி என்னைப் பார்த்தாள், நான் தங்கமணியைப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, பெண்ணை ஒரு தரம் ஆடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்" என்றார்கள். பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் குறைச்சல்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒப்புக்கொண்டேன். பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் வேறென்ன செய்ய? கல்யாணத்துக்கு வரதட்சணை கேட்டால் போலீசுக்குப் போவேன் என்று ஆபீஸில் வீரவசனம் பேசின ஆள் நான். ஆறு மாசம் கட்டினேன். அதன் பிறகு வேறு யாரோ கூடுதலாகத் தந்தார்கள், பையன் அந்தப் பக்கம் போய்விட்டான். வாராக் கடன் என்று எழுதிவிட்டேன்.

அதிலிருந்து ராத்திரி ஹாலில் சோபாவைத் தள்ளிப் போட்டுவிட்டு, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு வால்ட்ஸ் ஆடுகிறாள். கை ரெண்டும் தூக்கினபடி இருக்கும், எதிரில் ஆள் இருக்காது. அண்ணாச்சி, இதைப் பார்த்துவிட்டு வந்து "நல்லதாப் போச்சு" சொல்லுங்கள்.

இனி நம்மவர்கள் சொல்லும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

1) "பசங்களுக்கு இதெல்லாம் வராது." பொய். ஆரம்பத்தில் லீடர் வேலை கஷ்டம். தன் அடியையும் நினைவு வைத்து, தாளமும் கேட்டு, வழியும் பார்க்க வேண்டும். அதனால் முதல் மூன்று மாசம் பையன்கள் மரக்கட்டை மாதிரி இருப்பார்கள், பெண்கள் சட்டென்று முன்னேறுவார்கள். வெட்கப்பட்டு ஓடுகிறவனை "இன்னும் கொஞ்ச நாள் பாருடா" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கணக்கில் நாற்பது வாங்கினால் டியூஷன் வைக்கிறோமே, "கணக்கு உனக்கு வராது, விட்டுடு" என்றா சொல்கிறோம்?

2) "ஆம்பளைப் பையன் ஆடினா நல்லாவா இருக்கும்?" பூஜை அறையில் நடராஜர், டிவியில் பிரபுதேவா. இருவருக்கும் கைதட்டல், நம்ம வீட்டுப் பையன் இடுப்பை அசைத்தால் மட்டும் மானம் போய்விடும். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேஷம் கட்டி ஆடியவர்தான் பிற்பாடு சிவாஜி கணேசன். எந்த ஆண்மை குறைந்து போச்சு?

3) "தொட்டுல்ல ஆடுறாங்க!" காலையில் தாதரில் லோக்கல் ஏறிப் பாருங்கள், தொடுவது என்றால் என்ன என்று தெரியும். ஆட்டத்தில் லீடரின் வலது கை ஃபாலோயரின் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்க வேண்டும். அங்கேதான் இருக்க வேண்டும். "கை கீழே இறங்குது, மேலே வை" என்று சத்தமாகச் சொல்ல என் பெண் அந்தக் கிளாஸில்தான் கற்றுக்கொண்டாள். லோக்கல் டிரெயினிலும் அந்தக் குரல் உதவுகிறது.

4) "ரெண்டு பொண்ணு சேர்ந்து ஆடினா அது ஜோடியா?" இதைச் சொல்வது அண்ணாச்சி மட்டும் இல்லை. ஆட்டத்தின் பெரிய மனுஷர்களே சொன்னார்கள். 2014-ல் பிரிட்டிஷ் டான்ஸ் கவுன்சிலில் ஜோடி என்றால் ஓர் ஆண், ஒரு பெண் என்று விதியாக எழுதிவைக்க யோசனை வந்து பெரிய சண்டையானது. அமெரிக்காவின் தேசிய நடனக் கவுன்சில் 2019-ல் ஜோடி என்றால் ஒரு லீடர், ஒரு ஃபாலோயர், ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை என்று மாற்றியது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, பிழைப்புத் தேடி ஆண்கள் குவிந்த ப்யூனோஸ் ஐரிஸில் பெண்கள் குறைவு. அங்கே ஆண்கள் ஆண்களோடு ஆடித்தான் டேங்கோ பழகினார்கள். ஆணுக்குப் பெண் கிடைக்காதபோது அது பயிற்சி, பெண்ணுக்கு ஆண் கிடைக்காதபோது மட்டும் அது விதிமீறலா? நம்ம ஊர்ப் பெண்கள் கோலாட்டக் கம்பை எடுக்கும்போது "ஆம்பளை எங்கே" என்று யாராவது கேட்டதுண்டா?

சரி, ஊரைத் திட்டியாச்சு. இப்போது முதல் குற்றவாளியைக் காட்டுகிறேன். அடியேன்தான்.

பெண்ணைச் சேர்க்கப் போன அன்று டீச்சர் கேட்டார், "மூத்தவன் இருக்கானே, அவனையும் சேர்த்துவிடுங்களேன். அண்ணன் தங்கை ஜோடி எங்கள் ஆட்டத்தில் சகஜம்." ஃப்ரெட் ஆஸ்டேரின் முதல் ஜோடியே அவருடைய அக்கா அடேல்தான், 1932-ல் அந்த அம்மா கல்யாணம் செய்துகொண்டு விலகும் வரைக்கும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாசலில் நின்று காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த பையனின் கையைப் பிடித்து, "அவனுக்கு மேத்ஸ் டியூஷன் இருக்கு மேடம்" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். இப்போது அவன் புனேயில் இன்ஜினியரிங். இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தால் தங்கைக்குப் பொருத்தமான உயரம். என் பெண்ணுக்குப் பார்ட்னர் இல்லாமல் போனதற்கு நான் யாரைத் திட்டுவது? நான் மாதிரி ஒவ்வொரு அப்பனும் ஒரு பையனை வாசலிலேயே திருப்பி அழைத்து வந்திருக்கிறான். அப்புறம் எங்கிருந்து வரும் சப்ளை?

நான்கு மாசம் முன்பு கிளாஸில் ஒரு மலையாளிப் பெண்ணும் இதே நிலைமையில் இருந்தாள். இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, என் பெண் லீடர் வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். முன்னோக்கி நடக்கப் பழகவே ஒரு மாசம் ஆயிற்று. இப்போது பிரமாதமாக ஆடுகிறார்கள். ஒரு போட்டிக்கு விண்ணப்பம் போட்டோம். படிவத்தில் இரண்டு கட்டம்: "ஜென்டில்மேன் பெயர்", "லேடி பெயர்". முதல் கட்டத்தில் இவள் பெயரை எழுதினாள். திரும்பி வந்துவிட்டது. "வேண்டுமானால் இடைவேளையில் காட்சிக்கு ஆடட்டும், மார்க் கிடையாது" என்று ஒரு குறிப்பு.

நான் பதில் எழுதியிருக்கிறேன். "ஐயா, இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் வேலை செய்கிறேன். ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்க இரண்டு பேர் வந்தால் முதல் பெயர், இரண்டாம் பெயர் என்றுதான் கேட்போம். ஒருவர் ஆணாக இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டதில்லை. கையெழுத்து பொருந்துகிறதா என்றுதான் பார்ப்போம். நீங்களும் கால் பொருந்துகிறதா என்று பாருங்கள்." இதுவரை பதில் இல்லை. மாசம் ஒரு நினைவூட்டல் போவதாக இருக்கிறேன். கடன் வசூல் செய்து பழகின கை, விடாது.

மும்பை, தானே, நவி மும்பைப் பக்கம் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் தாளம் போட்டால் அடக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் எந்த ஐஐடியும் ஓடிப்போகாது. ஜோடி சேர்ந்தால் செலவு பாதிப் பாதி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள்.

டிஸ்கி: ஞாயிற்றுக்கிழமை ஆரம்ப வகுப்பில் நானும் தங்கமணியும் சேர்ந்திருக்கிறோம். ஆண்கள் குறைவு என்று பேசிக்கொண்டே இருப்பதற்கு ஓர் எண்ணிக்கையாவது கூட்டுவோமே என்றுதான். லீட் செய்வது யார் என்று கேட்காதீர்கள், வீட்டில் நடப்பதேதான் அங்கேயும் நடக்கிறது. அண்ணாச்சியையும் கூப்பிட்டிருக்கிறேன். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.