பதின்மூன்றாம் மாதம்

டிராய் என்று நாடே சுருக்கிச் சொல்லும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் அனில் குமார் லகோட்டி அவர்களுக்கு,



ஜனவரி 1ஆம் தேதி ஒருவர் 28 நாள் வேலிடிட்டி உள்ள திட்டத்தை ரீசார்ஜ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ரீசார்ஜ் ஜனவரி 29. அதற்கடுத்தது பிப்ரவரி 26. பிறகு மார்ச் 26, ஏப்ரல் 23, மே 21 என்று தேதி பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போய், டிசம்பர் 3ஆம் தேதி பதின்மூன்றாம் தடவையாகப் பணம் கட்டுகிறார். டிசம்பர் 30 நள்ளிரவோடு அதுவும் தீர்ந்துபோகிறது. ஊரே புத்தாண்டு வாழ்த்து அனுப்பும் 31ஆம் தேதி இரவுக்காக அவர் பதினான்காவது தடவையும் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கடைசிப் பணம் அடுத்த ஆண்டின் கணக்கில்தான் சேரும் என்று யாராவது வாதாடலாம். சரி, பதின்மூன்று என்றே முடித்துக்கொள்வோம். சம்பளம் என்னவோ பன்னிரண்டு தடவைதான் வருகிறது.

28 நாள் ஒரு மாதம் என்பது எந்த ஊர்க் கணக்கோ! ஆங்கில நாள்காட்டியில் 28 நாளோடு நிற்பது பிப்ரவரி மட்டும். லீப் ஆண்டில் அதுவும் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும். தமிழ்ப் பஞ்சாங்கத்து மாதங்கள் 29 நாளில் தொடங்கி 32 நாள் வரை போகும். 28இல் முடியும் மாதம் அதில் கிடையாது. தேடிப் பார்த்தால் தமிழர் வாழ்க்கையில் 28 நாள் மாதம் ஒரே ஓர் இடத்தில் அகப்படுகிறது. பிள்ளையைப் பத்து மாதம் சுமந்ததாகத் தாய்மார்கள் சொல்வார்கள், மருத்துவர் 280 நாள் என்பார், வகுத்தால் மாதத்துக்குச் சரியாக 28. செல்போன் நிறுவனங்கள் பிரசவ வார்டிலிருந்து இந்தக் கணக்கை எடுத்துவந்ததாகத் தோன்றவில்லை.

நாலு வாரக் கணக்கு என்றால் எப்போதும் அதே கிழமையில் முடியும், நினைவில் வைத்துக்கொள்ள வசதி என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை கூலி வாங்குகிறவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். மற்றவர்களுக்கு வீட்டு வாடகை, பால் கணக்கு, பள்ளிக்கூட வேன், குழுக் கடன் தவணை எல்லாமே தேதிக் கணக்கு. தங்கள் ஆணையத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும் கேபிள் டிவிக்காரர்கூட மாதம் ஒரு தடவைதான் வாசலில் வந்து நிற்கிறார். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவைதான். அந்தப் பணம் ஏறிவிட்டது என்ற குறுஞ்செய்தி வந்து சேர வேண்டிய போனுக்கு மட்டும் பதின்மூன்று தடவை.

இதே நிறுவனங்களுக்கு முப்பது, முப்பத்தோரு நாள் மாதம் தெரியாது என்று நினைத்தால் தவறு. போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு அவை மாதாந்தர பில் அனுப்புகின்றன. ஆண்டுக்குப் பன்னிரண்டு பில், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. முதலீட்டாளர்களுக்குக் கணக்குச் சொல்லும்போதும் மாதம் முழு மாதமாகிவிடும். 2025 ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்குச் சராசரியாக 245 ரூபாய் கிடைத்ததாக ஏர்டெல் சொன்னது. ஜியோ சொன்னது 206 ரூபாய் 20 காசு. அந்த அறிக்கைகளில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தான். நாட்டின் செல்போன் இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிரீபெய்டு. முன்பணம் கட்டுகிற இந்தக் கூட்டத்துக்கு மட்டுமே பதின்மூன்றாவது மாதம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பின்னால் பணம் கட்டுகிறவருக்கு முழு மாதம், முன்கூட்டிக் கட்டுகிறவருக்குக் குறை மாதம் என்பது கடன் கொடுத்தவனையே திண்ணையில் உட்காரவைக்கிற நியாயம்.

ஆணையம் இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2021 மே மாதம் வேலிடிட்டி பற்றி ஓர் ஆலோசனைத் தாள் வெளியிட்டது. 2022 ஜனவரி 27ஆம் தேதி கட்டண ஆணையின் அறுபத்தாறாவது திருத்தம் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டியோடு குறைந்தது ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும்படியும் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும். 31ஆம் தேதி இல்லாத மாதமானால் அந்த மாதத்தின் கடைசி நாள். எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. தாங்கள் பொறுப்புக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முந்தைய கதை இது, பழி தங்களுடையதல்ல.

இடறலெல்லாம் அந்தக் ‘குறைந்தது ஒன்று’ என்ற சொற்களில். கல்யாணப் பந்தியில் சர்க்கரை நோயாளிக்கென்று ஒரு மூலையில் ஓர் இலை போடுவதுபோல, மாதக் கணக்கை ஒரு திட்டத்தில் அடைத்துவிட்டு மற்றதையெல்லாம் பழையபடியே விட்டுவிட்டார்கள். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிந்தைய ஜியோ பட்டியலில், நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் 299 ரூபாய். அதே ஒன்றரை ஜிபியைத் தேதிக்குத் தேதி ஒரு மாதம் தரும் திட்டம் 319 ரூபாய். கடைக்காரர் எதை முதலில் சொல்வார்? 299ஐத்தான். வாங்குகிறவரும் இருபது ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாகப் போவார். 299ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 3887. வருவது 364 நாள். 319ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3828. வருவது 365 நாள். விலை கூடிய திட்டம்தான் ஆண்டு முடிவில் 59 ரூபாய் மலிவு, ஒரு நாள் கூடுதல். இந்தப் பெருக்கலைக் கடை வாசலில் நின்று யார் போட்டுப் பார்ப்பார்கள்?

அதே பட்டியலில் 199 ரூபாய்க்கு 18 நாள், 209 ரூபாய்க்கு 22 நாள் என்றும் இருந்தன. 249 ரூபாய்க்கு ஜியோவில் 28 நாள், ஏர்டெலில் 24 நாள். இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றினால் அது அவர் கணக்கில் வீக் என்பதால் அல்ல. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் விலை அப்படியே இருக்க, உள்ளே பிஸ்கட் மட்டும் இளைத்துக்கொண்டே போவதை மக்கள் பார்த்திருக்கிறார்கள். இங்கே இளைப்பது நாள். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுகிற வித்தைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

பழைய ஆள்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். 2005ஆம் ஆண்டின் கடைசியில் 999 ரூபாய் கட்டினால் ‘லைஃப்டைம்’ இன்கமிங் என்று விற்றார்கள். கடையில் பத்து ரூபாய்க்கு டாப்அப் போட்டுக்கொண்டு மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் ‘ரேட் கட்டர்’ என்பது அன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். வவுச்சர்களுக்கு டிராய் நிறம்கூட வகுத்திருந்தது: டாப்அப்புக்குப் பச்சை, சிறப்புக் கட்டணத்துக்கு மஞ்சள், காம்போவுக்கு நீலம், திட்டத்துக்குச் சிவப்பு. எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். 2018 கடைசியில் அந்தக் காலம் முடிந்தது. பேலன்ஸ் எவ்வளவு இருந்தாலும் சரி, 28 நாளுக்கு 35 ரூபாய் கட்டினால்தான் இன்கமிங் ஓடும் என்ற நிலை வந்தது. போதுமான பேலன்ஸ் உள்ளவரின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று அந்த நவம்பரில் டிராய் நிறுவனங்களுக்குச் சொன்னது. சொன்னதோடு சரி. 35 ரூபாய் படி ஏறி ஏறி, 2024 ஜூலையில் ஏர்டெலில் 199 ரூபாயில் போய் நின்றது. ஒரு போன் சும்மா உயிரோடு இருப்பதற்கான வாடகை அது. ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு.

சும்மா உயிரோடு இருப்பது இன்று சின்ன விஷயமும் அல்ல. வங்கி ஓடிபி, கேஸ் சிலிண்டர் பதிவு, ஆதார் எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. ‘சிம் செத்துப்போச்சு’ என்று பட்டன் போனைக் கையில் பிடித்தபடி ஒரு பாட்டி ரீசார்ஜ் கடைக்கு வந்தால், செத்தது சிம் மட்டுமாக இருப்பதில்லை.

இந்தப் பட்டன் போன்காரர்களுக்காக 2024 டிசம்பர் 23ஆம் தேதி ஆணையம் ஒரு நல்ல திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா வேண்டாதவருக்குக் குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தந்தே ஆக வேண்டும். சிறப்பு வவுச்சர்களின் வேலிடிட்டி 90 நாளிலிருந்து 365 நாள் வரை போகலாம். பேச மட்டும் போன் வைத்திருக்கிறவர் யாருக்கோ டேட்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அநியாயத்துக்கு இது விடை. அடுத்த மாதம் நடந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். 6 ஜிபி டேட்டாவோடு 84 நாளுக்கு 509 ரூபாயாக இருந்த ஏர்டெல் திட்டம், டேட்டாவைக் கழற்றிவிட்டு 499 ரூபாய்க்கு வந்தது. பத்து ரூபாய் தள்ளுபடி! ஜனங்கள் சிரித்தார்கள், சமூக வலைத்தளங்களில் திட்டினார்கள். புதுத் திட்டங்களை ஆராய்வோம் என்று ஆணையம் அறிவித்தது. உடனே 499 ரூபாய் 469 ஆனது.

ஜியோவின் திருத்தம் இன்னும் ருசியானது. 365 நாளுக்கு 1958 ரூபாய் என்று வந்த குரல் திட்டம் 1748 ரூபாயாக இறங்கியது. 210 ரூபாய் குறைப்பு என்று தலைப்புப் போடலாம். ஆனால் நாளும் 365இலிருந்து 336க்கு இறங்கியிருந்தது. பழைய விலைப்படி அந்த 29 நாளின் மதிப்பே ஏறத்தாழ 155 ரூபாய். உண்மையில் குறைந்தது ஐம்பத்துச் சொச்சம். 336 என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும்: பன்னிரண்டு இருபத்தெட்டு. ஆண்டு முழுக்க வேலிடிட்டி தரலாம் என்று கொண்டுவந்த விதிக்குள்ளேயும் அந்த 28 வந்து உட்கார்ந்துவிட்டது.

நிறுவனங்கள் பக்கம் பேச ஒன்றுமே இல்லை என்பதல்ல. உலகில் டேட்டா மிக மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஐந்தாம் தலைமுறைக் கோபுரங்கள் காற்றில் முளைப்பதில்லை. அலைக்கற்றைக்குக் கொடுத்த கோடிகளை எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்கட்டும். செல்போன் கட்டணத்தை நிறுவனங்களே முடிவுசெய்துகொள்ளலாம், நடைமுறைக்கு வந்த ஏழு வேலை நாளுக்குள் ஆணையத்திடம் சொன்னால் போதும் என்பதுதானே இன்றைய ஏற்பாடு. அந்தச் சுதந்திரத்தில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. 299 கட்டுப்படியாகவில்லை என்றால் 325 கேட்கட்டும். முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். நாளைத் திருடி விலையை ஏற்றாமல் இருந்தால் போதும். 2024 ஜூலையில் விலையை நேரடியாகவே ஏற்றினார்கள்; மக்கள் பிஎஸ்என்எல்லுக்கு போர்ட் போட்டுத் தங்கள் கருத்தையும் நேரடியாகவே சொன்னார்கள். அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் கூடினார்கள். அதுதான் ஒழுங்கான சண்டை.

கேட்பது இரண்டே இரண்டு.

மளிகைக் கடைப் பொட்டலங்களில் கிராமுக்கு என்ன விலை, கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்ற விதி மத்திய அரசிடம் இருக்கிறது. அதையே ரீசார்ஜுக்கும் நீட்டிவிட்டால் என்ன? செயலியிலும் கடைச் சுவரொட்டியிலும் ஒவ்வொரு திட்டத்தின் விலைக்குப் பக்கத்திலும், அதே அளவு எழுத்தில், நாளுக்கு எவ்வளவு என்று இருக்கட்டும். 28 நாள் 299 ரூபாய்: நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. மாதம் 319 ரூபாய்: நாளுக்கு 10 ரூபாய் 49 காசு. 18 நாள் 199 ரூபாய்: நாளுக்கு 11 ரூபாய் 6 காசு. மூன்றிலும் விலை குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரிகிற திட்டம்தான் நாள் கணக்கில் அதிக விலை என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, தங்கள் பழைய அலுவலகத்திலேயே இருக்கும் விஷயம். தாங்கள் ரயில்வே வாரியத் தலைவராக இருந்தவர். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகிறவர் 5ஆம் தேதி மாத சீசன் டிக்கெட் எடுத்தால், அடுத்த மாதம் 4ஆம் தேதி வரை அது செல்லும். பிப்ரவரியானாலும் சரி, மார்ச்சானாலும் சரி. அந்தச் சின்ன அட்டையில் இருக்கும் மாதமே செல்போனிலும் மாதமாக இருக்கட்டும். 2022 ஆணையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது: திட்டங்கள் எல்லாம் மாதக் கணக்கில், 28 நாள்தான் வசதி என்று நினைக்கிற நிறுவனம், அந்த வகையிலும் குறைந்தது ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஆறு நாள் வேலிடிட்டி உள்ள ஒரு பிரீபெய்டு எண்