முகப்பு மட்டும் போதாது: மெல்போர்ன் மூலை ஹோட்டல்கள் குறித்து எமது நிலைப்பாடு

மெல்போர்ன் மாநகரின் கார்ல்டன், பிட்ஸ்ராய், காலிங்வுட், ரிச்மண்ட் முதலிய பழைய புறநகர்ப் பகுதிகளில், இரண்டு தெருக்கள் கூடும் மூலைகளில் நூறாண்டுக்கும் மேலாக நின்றுவரும் ஹோட்டல்களைத் தெருவைப் பார்த்த சுவர்கள் மாத்திரம் எஞ்சும்படி இடித்து, அச்சுவர்களுக்குப் பின்னால் பல மாடிக் குடியிருப்புகளை எழுப்ப அனுமதிக்கலாமா என்ற கேள்வி நகரசபைகளின் முன் மீண்டும் மீண்டும் வருகிறது. அனுமதிக்கலாகாது என்பதே எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

மதுபானத்திற்குப் பரிந்து பேச நாங்கள் முன்வரவில்லை. மதுவைத் தொடாதவர்களும் இக்கோரிக்கையில் எங்களோடு நிற்கிறார்கள். ஏனெனில், இந்த ஹோட்டல்கள் வெறும் சாராயக் கடைகளாக இருந்தவையல்ல. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டு, கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்திறங்கிய காலத்தில், மது விற்க லைசென்ஸ் பெற்றவர் வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும் அளித்தாக வேண்டும் என்று சட்டம் விதித்தபடியால், கீழே மதுக்கூடமும் போஜன அறையும் மேலே வரிசையாகச் சிறு படுக்கையறைகளுமாக இவை அமைந்தன. பொதுமண்டபங்கள் அரிதாயிருந்த அந்நாளில் மரண விசாரணையும், ஏலமும், தேர்தல் பிரசங்கமும், கிரிக்கெட் குழுவின் கூட்டமும் இவற்றின் அறைகளிலேயே நடந்தன. 1856 ஏப்ரல் மாதத்தில், எட்டு மணி நேர வேலை என்னும் உரிமையை நிலைநாட்டுவதற்காகப் பல்கலைக்கழகக் கட்டட வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடந்த கல்தச்சர்கள் விருந்துக்குக் கூடியதும் பெல்விடியர் என்ற ஒரு மூலை ஹோட்டலில்தான். உலகத் தொழிலாளர் சரித்திரத்தில் இடம்பெற்ற ஒரு நாள், ஹோட்டல் மேஜையில் நிறைவுற்றது என்பதை நினைக்கும்போது, இவ்விடங்களை அலட்சியமாகப் பார்க்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

கட்டடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூலை கூராக முடியாமல் சாய்வாக வெட்டப்பட்டு, இரண்டு தெருக்களிலிருந்து வருபவரையும் ஒருங்கே அழைக்கும் வாசல் அங்கே வைக்கப்பட்டிருக்கும். அடித்தளமும் நிலவறையும் இந்நகரத்துக்கே உரிய கருநீல எரிமலைக் கல்லால் ஆனவை. பீப்பாய்களை உருட்டி இறக்க நடைபாதையிலேயே மரக்கதவு ஒன்று படுத்திருக்கும். தங்குவோர் மதுக்கூடத்திற்குள் நுழையாமல் மாடி ஏறுவதற்குப் பக்கத்துத் தெருவில் வேறொரு வாசல் உண்டு. உள்ளே நுழைந்தால், மார்பளவு உயரத்திற்கு வழுவழுப்பான ஓடுகள் பதித்த சுவர்களைக் காணலாம். அவை அழகுக்காக மட்டும் பதிக்கப்பட்டவையல்ல. முதல் மகாயுத்த காலத்தில், மதுவிலக்கு இயக்கத்தாரின் நெடுநாள் கிளர்ச்சியும் யுத்தகாலச் சிக்கன உணர்ச்சியும் ஒன்றுகூடி, 1916இல் விக்டோரியாவின் மதுக்கூடங்கள் மாலை 6 மணிக்கே மூடப்பட வேண்டும் என்ற சட்டத்தைப் பிறப்பித்தன. 5 மணிக்கு வேலை விட்ட தொழிலாளர், எஞ்சிய ஒரு மணி நேரத்திற்குள் குடித்துத் தீர்க்க முண்டியடித்தமையால், நாற்காலி மேஜைகள் அகற்றப்பட்டு, கூட்டம் கலைந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவுவதற்கு ஏற்றவாறு ஓடுகள் பதிக்கப்பட்டன. மிதமாகக் குடிக்கச் செய்ய வேண்டிய சட்டம் அவசரமாகக் குடிக்கச் செய்ததற்கு, 1966 வரையில் நீடித்த அந்த அரை நூற்றாண்டின் சாட்சியம் அந்தச் சுவர்களில் இருக்கிறதேயன்றி, தெருவிலிருந்து தெரியும் முகப்பில் இல்லை.

அறைகளின் அமைப்பும் அத்தகைய சாட்சியமே. பொது மதுக்கூடம் ஆண்களுக்கு, பெண்களுக்குத் தனியே ஒரு சிற்றறை என்ற பிரிவினை சுவர் வைத்துக் கட்டப்பட்டது. மெல்போர்னுக்கு அப்பால் குவீன்ஸ்லாந்தில், பிரிஸ்பேன் புறநகராகிய டூவாங்கில் உள்ள ரெகாட்டா ஹோட்டலில், 1965 மார்ச் மாதம் மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரு பெண்கள் மதுக்கூடத்தின் கால்தாங்கிக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு இப்பிரிவினையை எதிர்த்தார்கள். இருபாலாருக்கும் சமமான குடியுரிமை என்ற பெரிய விஷயத்தைக் கேட்பதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட இடம் சட்டசபையின் படிக்கட்டு அல்ல, புறநகர் ஹோட்டல் ஒன்றின் கம்பி. உட்புறத்தை எல்லாம் பெயர்த்து எறிந்துவிட்டு முகப்பை நிறுத்தினால், இந்தச் சரித்திரத்தில் எதைக் காப்பாற்றினோம் என்று சொல்ல முடியும்?

முகப்பையேனும் விட்டுவைக்கிறார்களே என்று ஆறுதல் கொள்வோருக்கு, கார்ல்டனில் லெஸ்டர், பெல்ஹாம் தெருக்களின் மூலையில் 1850களிலிருந்து நின்ற கட்டடத்தின் கதியை நினைவூட்டுகிறோம். கார்ல்டன் இன் என்று தொடங்கி, பிற்காலத்தில் கார்க்மன் என்று பெயர் பெற்ற அந்த இரண்டு மாடி ஹோட்டல், பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரிக்கு எதிரே இருந்தமையால், மாணவர் பலருக்கு இரண்டாவது வகுப்பறையாயிற்று. நகரத் திட்டத்தில் பாரம்பரியப் பாதுகாப்புப் பெற்றிருந்தும், 2016 அக்டோபரில் ஒரு தீ விபத்து நேர்ந்த சில நாட்களுக்குள், ஒரு வாரக் கடைசியில், எவ்வித அனுமதியுமின்றி, முகப்பும் எஞ்சாமல் அது தரைமட்டமாக்கப்பட்டது. இடித்தோர்மீது வழக்குகள் நடந்தன, அபராதங்களும் விதிக்கப்பட்டன, எனினும் ஹோட்டல் திரும்பவில்லை. இதன் விளைவாக 2021இல் விக்டோரியா சர்க்கார், பாரம்பரியக் கட்டடத்தைச் சட்டவிரோதமாக இடித்த நிலத்தில் 10 ஆண்டுகள் வரை புதிய கட்டடம் எழுவதைத் தடுப்பதற்கு வழிசெய்யும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் காலி நிலம் தண்டனையாகலாமே தவிர, பரிகாரமாகாது. லண்டனில் மைடா வேல் பகுதியில், 1920களின் தொடக்கத்தில் எழுந்த கார்ல்டன் டாவர்ன் என்னும் விடுதி 2015இல் அனுமதியின்றி இடிக்கப்பட்டபோது, வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை அதை முன்பிருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டு, மேல்முறையீட்டிலும் அந்த உத்தரவை நிலைநிறுத்திக்கொண்டது. 2021 ஏப்ரலில் அவ்விடுதி மறுபடியும் வாசலைத் திறந்தது. அங்கே சாத்தியமானது இங்கே அசாத்தியம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. சட்டவிரோதமாக இடித்தவர் சொந்தச் செலவில் அவ்வண்ணமே கட்டித்தர வேண்டும் என்பது விதியாக வேண்டும்.

கட்டடத்தோடு அதன் உபயோகமும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது எமது அடுத்த கோரிக்கை. 1979இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற ஊரில் நிறைவேற்றப்பட்ட பர்ரா சாசனம், ஓர் இடத்தின் மதிப்பு அதன் கல்லிலும் மரத்திலும் மட்டுமன்றி, அதன் பயன்பாட்டிலும் அதனோடு ஜனங்களுக்குள்ள தொடர்பிலும் உறைகிறது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது நடைமுறையில் என்ன என்பதைக் காலிங்வுட்டின் ஜான்ஸ்டன் தெரு மூலையில் இசைக்கூடமாக விளங்கும் டோட் ஹோட்டல் காட்டுகிறது. 2010இல் லைசென்ஸ் நிபந்தனைகளின் பாரம் தாங்காமல் அந்த இசைக்கூடம் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் பார்லிமெண்டை நோக்கி ஊர்வலம் சென்றார்கள். அவ்வாண்டிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. 2023இல் அது விலைக்கு வந்தபோது, ரசிகர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் 30 லட்சம் டாலரை எட்டியது. கூரைக்காகவும் சுவருக்காகவும் அவர்கள் கொடுத்தார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அங்கே இரவுதோறும் இசை ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே கொடுத்தார்கள். ஏற்கெனவே உள்ள இசைக்கூடத்தின் அருகே புதுக் குடியிருப்பு கட்டுபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று 2014 முதல் விக்டோரியாவின் திட்ட விதிகள் கூறுவது இதற்கு இசைவான நல்ல ஏற்பாடு. அதைத் தளர்த்தும் எந்த யோசனையையும் நாங்கள் எதிர்ப்போம்.

நகரத்தில் வீடுகள் போதவில்லை, மூலை ஹோட்டல்களைக் காப்பது வீடில்லாதவருக்கு இழைக்கும் அநீதி என்று சிலர் வாதிக்கிறார்கள். வீட்டுப் பஞ்சம் உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஹோட்டல்கள் நிற்கும் நிலம் பெரும்பாலும் சிறு துண்டு. அவற்றின் பின்கட்டிலும் பழைய லாயங்கள் இருந்த முற்றங்களிலும், பிரதான கட்டடத்தை விஞ்சி நிற்காத அளவில் வீடுகள் கட்டுவதற்கு எங்களுக்கு ஆட்சேபமில்லை. மாடியறைகள் மீண்டும் மனிதர் தங்கும் அறைகளாவதை விரும்பவும் செய்கிறோம். அவை அதற்கென்றே கட்டப்பட்டவை. உடைமையாளரின் சிரமத்தையும் நாங்கள் அறிவோம். கூரை ஒழுக்கையும் நிலவறை ஈரத்தையும் சீர்செய்யும் செலவில் ஒரு பங்கை, வரிச் சலுகையாகவோ மானியமாகவோ, பொதுஜனங்கள் ஏற்பதே நியாயம். பொதுச் சொத்தாகக் கருதி ஒன்றைக் காக்கச் சொல்லிவிட்டு, செலவை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று.

உங்கள் தெரு மூலையில் உள்ள ஹோட்டலின் சுவரில் திட்ட அனுமதி விண்ணப்ப அறிவிப்பு ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டால், அதை நின்று முழுவதும் வாசியுங்கள். பாதிக்கப்படக்கூடிய எவரும் நகரசபைக்குக் கட்டணமின்றி ஆட்சேபம் எழுதலாம். அறிவிப்பு வெளியாகி 14 நாட்கள் கழிவதற்கு முன் நகரசபை பொதுவாக முடிவு செய்ய இயலாது. உட்புறத்தில் எது பழமையானது, அங்கே யார் கூடுகிறார்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதி, அந்த 14 நாட்களுக்குள் அனுப்புங்கள்.