அப்சோர்பர் சுமை தாங்காது

கெடாவில் பிக்கப் வண்டிக்கு அப்சோர்பர் மாற்றும் நாள் வந்தால், பட்டறையில் முதலில் எழும் கேள்வி பிராண்டைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. கயாபாவா, மன்றோவா, ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமுவா, தாய்லாந்தின் புரோஃபெண்டரா? அடுத்தது விலை. அதற்குப் பிறகு, வண்டியைச் சற்றுத் தூக்கிவிடலாமா என்ற பேச்சு. இந்த வண்டி வாரத்தில் எத்தனை நாள் சுமையோடு ஓடுகிறது, எந்த மண்ணில் ஓடுகிறது என்பதைக் கேட்பவர் குறைவு. பாலிங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் ஹைலக்ஸும், சுங்கை பட்டாணியில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போகும் ஹைலக்ஸும் ஒரே ஆண்டு, ஒரே மாடலாக இருக்கலாம். அவை இரண்டுக்கும் ஒரே அப்சோர்பர் பொருந்தாது. சுமையையும் சாலையையும் முதலில் எழுதிக்கொண்டு, பிறகுதான் பிராண்டுக்கும் விலைக்கும் வரவேண்டும் என்பது என் வாதம்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, அப்சோர்பர் போய்விட்டது என்று பலரும் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அப்சோர்பர் சுமை தாங்குவதில்லை. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஸ்பிரிங் சக்தியை வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் வண்டி படகைப் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை. குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் நுண்துளைகளும் வால்வுகளும். எண்ணெய் அவற்றின் வழியே நெருக்கிப் பிழியப்படும்போது அசைவு சூடாக மாறிக் காற்றில் கலக்கிறது. கேஸ் நிரப்பிய அப்சோர்பர் வண்டியைக் கொஞ்சம் மேலே தள்ளுவது உண்மை. ஆனால் இருபது மூட்டை உரத்துக்கு முன்னால் அந்தத் தள்ளல் ஒரு பொருட்டே இல்லை. மூட்டைக்கு 50 கிலோ என்றால் இருபது மூட்டை ஒரு டன். நம்மூர் பிக்கப்புகள் பெரும்பாலும் தாங்குவது ஏறக்குறைய அவ்வளவுதான். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பார்க்க வேண்டியது பட்டை ஸ்பிரிங்கை: ஒரு பட்டை முறிந்திருக்கும், அல்லது பல ஆண்டுச் சுமையில் வளைவு இழந்திருக்கும். அதை விட்டுவிட்டு முரட்டு அப்சோர்பரைப் பூட்டினால் பணம் போகும், தாழ்வு அப்படியே இருக்கும்.

சுமைக்கணக்கு ஏன் முக்கியம் என்பதை எண்ணால் காட்டலாம். காலி வண்டியில் பின் ஸ்பிரிங்குகளின் மேல் 600 கிலோ உட்கார்ந்திருப்பதாகவும், குலை ஏற்றியபின் அது 1,350 கிலோ ஆவதாகவும் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எடை 2.25 மடங்கு. ஒரே ஸ்பிரிங்கில் ஆட்டத்தை அதே அளவுக்கு அடக்கத் தேவையான தடை, எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி ஏறும், அதாவது 1.5 மடங்கு. சுமை ஏறியபின் அடியிலுள்ள கனத்த பட்டைகளும் வேலைக்கு வந்து ஸ்பிரிங் இறுகுவதால் தேவை அதற்கும் மேலே போகும். ஆனால் சாதாரண அப்சோர்பரின் வால்வு ஒரே அளவில் அமைந்தது. சுமை ஏறுவதும் இறங்குவதும் அதற்குத் தெரியாது. நிறைவண்டிக்குச் சரியாக அமைத்தால் காலியாக ஓடும்போது விறைத்து, மழை நனைத்த தாரில் சக்கரம் தத்தும். தத்தும் டயருக்குச் சாலையில் பிடிப்பு இல்லை. பிரேக் மிதித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். காலிவண்டிக்கு அமைத்தால் சுமையோடு வளைவில் திரும்பும்போது பின்பக்கம் ஊசலாடும். நிறுவனம் பொருத்தித் தரும் அசல் அப்சோர்பர் இவ்விரண்டுக்கும் நடுவே பிடித்த சமரசம். ஐந்தில் நான்கு நாள் தொட்டி நிறைந்து ஓடும் வண்டிக்கு அந்தச் சமரசம் மெலிந்தது. அதற்குச் சுமைக்கென்று வால்வு அமைத்த வகை தேவை. மாதத்தில் ஒருமுறை தளவாடம் ஏற்றும் வண்டிக்கு அசல் தரமே போதும், அதற்குமேல் செலவிடுவது வீண்.

இந்தக் கணக்கு கெடாவில் ஊருக்கு ஊர் மாறுகிறது. பாலிங், சிக் மலைச்சரிவுகளில் ரப்பர். கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரங்களில் ரப்பரை வெட்டி நட்ட செம்பனை. வடக்கே மூடா சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நம் தோட்டத் தொழிலாளர்களை வீடற்றவர்களாக்கியபோது, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். நிலம் கிடைத்தவர்கள் சிலர். பட்டணத்துக்குப் பெயர்ந்த பலருடைய பிள்ளைகளும் பேரர்களும் இன்று சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி, குலை ஏற்றுவது, புல் வெட்டுவது, உரம் போடுவது, கட்டுமானப் பொருள் கொண்டுபோவது என்று குத்தகை வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சொத்தும் மூலதனமும் அந்த வண்டிதான். பழம் வெட்டும் சுற்று பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். சுற்று வந்த நாளில் வண்டி நின்றால் கூலி நின்றது, பழம் கெட்டது. ஆகவே இந்தக் கேள்வியை நான்கு சக்கர வண்டிப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இரட்டைக்குழாயா ஒற்றைக்குழாயா என்ற விவாதத்துக்கும் விடை சாலையில்தான் இருக்கிறது. இரட்டைக்குழாயில் பிஸ்டன் ஓடும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய். வேகமாகத் தொடர்ந்து குலுங்கினால் உள்ளே எண்ணெய் நுரைத்துத் தடை தளரும். குறைந்த அழுத்த நைட்ரஜன் அந்த நுரையைக் கட்டுப்படுத்தும், முற்றாக நிறுத்தாது. ஒற்றைக்குழாயில் எண்ணெயையும் உயரழுத்தக் கேஸையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது; நுரை பிடிக்காது, சூடும் வெளிக்குழாய் வழியாக நேரே வெளியேறும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரம்பை ஒட்டிச் சுமையோடு கோலாலம்பூர்வரை போய் வருபவருக்கு ஒற்றைக்குழாய் கொடுத்த விலைக்கு வேலை செய்யும். தோட்டத்துக்குள் கதை வேறு. அங்கே வேகம் இருபது முப்பது கிலோமீட்டர். எதிரி சூடல்ல, கல். செம்மண் சாலையில் பரப்பிய சரளைக் கல் தெறித்து அடித்தால் ஒற்றைக்குழாயின் வெளிச்சுவர் நசுங்கும். அந்தச் சுவரே பிஸ்டன் ஓடும் பாதை என்பதால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாயில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் பெரும்பாலும் தப்பும். கடைகளில் ஒற்றைக்குழாயை உயர்தரம் என்றும் மற்றதைச் சாதாரணம் என்றும் அடுக்கி வைப்பதை நான் ஏற்கவில்லை. தோட்ட வண்டிக்குப் பருத்த உடலும் நிறைய எண்ணெயும் கொண்ட இரட்டைக்குழாய்தான் என் தேர்வு.

தூக்குவதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, தோட்டச் சாலையில் அடி தட்டக்கூடாது என்பது. நியாயமான கவலைதான். ஆனால் பெரும்பாலான பிக்கப்புகளின் பின்பக்கம் முழு அச்சு. அதன் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல்தான் தரைக்கு மிக அருகில் இருப்பது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் மேலே போவது உடல். டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வல்லது பெரிய டயர் மட்டுமே. முன்பக்கம் தூக்கினால் அச்சு மூட்டுகளின் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும், முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், புவியீர்ப்பு மையம் உயர்ந்து சுமைவண்டி கவிழும் வாய்ப்பு கூடும். இதைவிட மோசமானது, ஸ்பிரிங்கை மாற்றாமல் நீள அப்சோர்பரை மட்டும் பூட்டுவது. அது உள்ளே இறங்க வேண்டிய தூரம் போதாது. பெரிய பள்ளத்தில் ரப்பர் தடுப்பு தொடுவதற்கு முன்பே பிஸ்டன் அடித்தட்டில் மோதி வால்வை உடைக்கும். வண்டியின் உயரத்துக்கு ஏற்ற நீளமா என்று அளந்து பார்க்காமல் எந்த அப்சோர்பரையும் வாங்கக்கூடாது.

வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது, அதை மதித்தே பேசவேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. தகுதி பெற்றவர்களுக்கு அப்போது அரசு அறிவித்த புடி மடானி உதவி மாதம் 200 ரிங்கிட். லிட்டருக்கு 1.20 கூடிய கணக்கில், மாதம் 167 லிட்டரைத் தாண்டியதும் அந்த உதவி தீர்ந்துவிட்டது. நாள்தோறும் தோட்டத்துக்கும் ஆலைக்கும் ஓடுபவர் அந்த அளவைத் தாண்டிவிடுவார். அவரிடம் போய்ப் புது அப்சோர்பர் நான்கு வாங்கு என்று சொல்வது எளிதல்ல. பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் பிரித்து விற்கும் கடையில் கால்விலைக்கு ஒரு ஜோடி கிடைக்கும்போது கை அங்கேதான் நீளும். என் பதில் இது. வெட்டுக்கடையில் கதவு வாங்கலாம், விளக்கு வாங்கலாம். அவற்றின் நிலையைக் கண்ணால் பார்த்துவிடலாம். அப்சோர்பரின் தேய்மானம் உள்ளே வால்விலும் சீலிலும் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எண்ணெய் மாற்றி அடைத்த ரீகண்டிஷனிலும் பழைய வால்வே இருக்கக்கூடும். தளர்ந்த அப்சோர்பரோடு ஓடும் டயர் மேடுபள்ளமாகக் குழிந்து தேயும். மிச்சம் பிடித்த பணம் டயர் கடையில் போய்ச் சேரும். கையில் பணம் குறைவென்றால் நான்கையும் வாங்க வேண்டாம். சுமை விழும் பின்ஜோடியை மட்டும் புதிதாக, அசல் தரத்தில் வாங்கலாம். முன்ஜோடி அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாகப் பூட்டுவது மட்டும் கூடாது. ஏபிஎம், கேஒய்பி-யுஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் இந்நாட்டிலேயே அப்சோர்பர் தயாரிக்கின்றன. இறக்குமதிப் பெயருக்குக் கூடுதல் பணம் கொடுத்தால்தான் தரம் என்பதும் இல்லை.

இன்னும் ஓடுகிறதே, இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்பாரும் உண்டு. வணிகச் சரக்கு லாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறது. தனியார் பெயரில் பதிவான பிக்கப் அதே சரக்கைச் சுமந்தாலும் அந்தக் கட்டாயம் அதற்கில்லை. ஆகவே உரிமையாளரின் கண்தான் சோதனை நிலையம். பின்னே பம்பரை அழுத்தி ஆட்டிப் பார்ப்பது பிக்கப்புக்கு உதவாது; பட்டைகள் ஒன்றோடொன்று உராயும் உராய்வே ஆட்டத்தை நிறுத்தி, செத்த அப்சோர்பரையும் உயிரோடு இருப்பதாகக் காட்டிவிடும். குழாயில் எண்ணெய் வழிந்து செம்மண் அப்பியிருக்கிறதா, புஷ் வெடித்திருக்கிறதா, டயர் குழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகையாளருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் இது விருப்பமல்ல, கடமை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கருவிகளைப் பாதுகாப்பாகப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைக்கிறது. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆளையும் குலையையும் கொண்டுபோகும் பிக்கப்பும் அத்தகைய கருவிதான் என்றே நான் கொள்கிறேன். கத்திக்கும் தலைக்கவசத்துக்கும் பதிவேடு வைக்கும் நிர்வாகம், எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் அப்சோர்பர் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பட்டறையில் ஒன்றை வற்புறுத்திக் கேட்கவும் வேண்டும்: பின் அப்சோர்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. சக்கரம் நான்கும் தரையில் பதிந்து, வண்டி தன் எடையில் உட்கார்ந்தபின் இறுக்கவேண்டும். தொங்கலில் இறுக்கினால் உள்ளேயிருக்கும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுதும் இருந்து, விரைவிலேயே கிழிந்துவிடும். அந்த ரப்பர் பெரும்பாலும், இம்மாநிலத்தில் விடியுமுன் எழுந்து சீவி எடுக்கும் அதே இயற்கை ரப்பர்.