காலப்பயணக் கதைக்கு எப்படி மார்க் போடுவது?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். "டீச்சர், பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. எப்பப் பாத்தாலும் டைம் டிராவல் கதைதான். நெட்ல விமர்சனம் தேடிப் பாத்தேன். பாதிப் பேர் லாஜிக் இல்லைங்கிறாங்க, பாதிப் பேர் சின்னப் பசங்க புத்தகம்தானேங்கிறாங்க. படிக்க விடலாமா?" அதே வாரம் என் அண்ணன் மகளும் போனில் இதையே வேறு மாதிரி கேட்டாள். "அத்தை, அடுத்த வருஷம் பத்தாவது. இந்தக் கதையெல்லாம் எதுக்கு?"

விடலாம், தாராளமாக விடலாம். ஆனால் அந்த விமர்சனங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஜி.வெல்ஸ் 'டைம் மெஷின்' எழுதியது 1895-இல். அதில் ஒருவர் ஒரு இயந்திரத்தில் ஏறி 802701-ஆம் ஆண்டுக்குப் போய்விடுவார். அன்றிலிருந்து பெரியவர்களாகிய நாம் இந்த வகைக் கதையை எடுத்தாலே முதலில் இயந்திரத்தைத்தான் தேடுகிறோம். எப்படிப் போனான், எப்படி வந்தான், தன்னையே சந்தித்தால் என்ன ஆகும், தாத்தாவைக் காப்பாற்றாவிட்டால் இவன் எப்படிப் பிறந்தான்? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஹாரி பாட்டர் மூன்றாம் புத்தகத்தில் ஹெர்மயனியும் ஹாரியும் மூன்று மணி நேரம் பின்னால் போகிறார்களே, அங்கே எதுவும் மாறுவதில்லை. முதல் தடவை நடந்ததிலேயே அவர்களுடைய கை இருந்திருக்கிறது. 'இன்று நேற்று நாளை' படத்தில் கதை வேறு. பழையதில் கை வைத்தால் இன்றைக்கு வினை வந்து சேரும். இரண்டு விதியுமே சரிதான். எடுத்த விதியைக் கதை கடைசிவரை காப்பாற்றுகிறதா என்று பார்ப்பது விமர்சகர் வேலை. ஆனால் அதற்கு நூற்றுக்கு ஐந்து மார்க்தான் கொடுக்கலாம். கையெழுத்துக்குக் கொடுப்போமே, அந்த மாதிரி. விமர்சனம் எழுதுகிறவர்கள் அந்த ஐந்து மார்க்கை வைத்தே பாஸ், ஃபெயில் போட்டுவிடுகிறார்கள்.

இதை என்னைவிட அழகாகக் காட்டிய ஒரு நாவல் இருக்கிறது. ரெபெக்கா ஸ்டெட் எழுதிய 'வென் யூ ரீச் மீ'. 2009-இல் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் வாங்கியது. 1970-களின் கடைசி, நியூயார்க் நகரம், மிராண்டா என்ற பன்னிரண்டு வயதுப் பெண். அம்மா மட்டும்தான். அந்த அம்மா ஒரு டிவி வினாடி வினாப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த நண்பன் திடீரென்று பேசுவதை நிறுத்திவிடுகிறான். இதற்கு நடுவில் யாரோ அவளுக்குத் துண்டுச் சீட்டுகள் எழுதி வைக்கிறார்கள். இனிமேல் நடக்கப்போவது அந்தச் சீட்டு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

மிராண்டாவுக்கு உயிரான புத்தகம் மேடலின் லெங்கிள் 1962-இல் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்'. மறுபடி மறுபடி அதையேதான் படிப்பாள். மார்கஸ் என்று ஒரு பையன், கணக்கில் புலி, அந்தப் புத்தகத்தில் ஓட்டை இருக்கிறது என்கிறான். கிளம்பியதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே திரும்பிக் கொண்டுவந்து விடுவதாக அதில் வாக்குக் கொடுக்கிறார்கள். அப்படியானால் கிளம்பும் முன்பே, தாங்கள் தோட்டத்தில் வந்து இறங்குவதை அவர்களே பார்த்திருக்க வேண்டுமே என்கிறான். மிராண்டாவுக்குக் கோபம் வருகிறது. ஜூலியா என்று இன்னொரு பெண், தன் மோதிரத்தில் வரிசையாகப் பதித்த குட்டி வைரங்களைக் காட்டி, ஒவ்வொரு கல்லும் ஒரு நொடி, எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கின்றன, நாம்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறோம் என்று விளக்குகிறாள். எத்தனையோ பெரியவர்கள் எழுதிய மதிப்புரைகள் படித்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் பேசுகிற அளவுக்கு ஒரு புத்தகத்தைப் பொருட்படுத்திப் பேசியவை கொஞ்சம்தான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மார்கஸ் சொல்லும் ஓட்டை சரியானதுதான். அதனால் அந்தப் புத்தகம் மிராண்டாவுக்குக் கெட்டுப்போகவில்லை.

சீட்டு எழுதியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஆங்கிலம் எளிது, அத்தியாயங்கள் ரொம்பச் சின்னவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் படித்துவிடும்.

இன்னொன்று பிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்'. 1958. இங்கிலாந்தில் கார்னகி பதக்கம் பெற்றது. தம்பிக்குத் தட்டம்மை என்பதால் டாமைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே கூடத்தில் நிற்கும் ஆளுயரக் கடிகாரம் ஒரு ராத்திரி பதின்மூன்று அடிக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால், பகலில் குப்பைத்தொட்டி இருந்த இடத்தில் பெரிய தோட்டம், அதில் ஹாட்டி என்ற சிறுமி. கடிகாரம் எப்படிக் கதவைத் திறந்தது என்று கேட்டால் பியர்ஸிடம் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைக்காது. அவர் கவனம் முழுக்க வேறோர் இடத்தில் இருக்கிறது. டாம் ஒவ்வொரு ராத்திரியும் அதே வயதில்தான் போகிறான். ஹாட்டியோ வளர்ந்துகொண்டே போகிறாள். ஒரு கட்டத்தில் அவளுக்கு இவன் தெரிவது குறைகிறது. கூட விளையாடிய பெண் தாவணி போட்டதும் விளையாட வராமல் போனபோது நம் ஊர்ப் பையன்கள் திகைத்து நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் திகைப்புதான் அந்த நாவல்.

இப்போது உங்களில் சிலருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். 2005 ஜனவரியில் நாகை மாவட்டத்தில் பள்ளிகள் திறந்தபோது நடுநிலை வகுப்புகளில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திறந்த முதல் வாரம் நாங்கள் பாடமே நடத்தவில்லை. ஒரு மதியம் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சனிக்கிழமைக்கு ஒரே ஒரு தடவ போயிட்டு வர முடிஞ்சா போதும் டீச்சர். சொல்லிட்டு வந்துருவேன்" என்றாள். அவள் இன்று இதைப் படிப்பாள், அதனால் பெயர் எழுதவில்லை. அன்று நான் பதில் எதுவும் பேசவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. மணி அடிக்கிறவரை சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

இந்தக் கதைகளைப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நடந்துபோனதை மாற்ற முடியாது என்று மனிதருக்கு முதன்முதலாக உறைக்கிற வயது அது. எல்லோருக்கும் சுனாமி வேண்டியதில்லை. தோழியிடம் சொல்லிவிட்ட ஒரு வார்த்தை போதும்.

ஜேன் யோலன் 1988-இல் எழுதிய 'தி டெவில்ஸ் அரித்மெடிக்' அந்தச் சனிக்கிழமையைப் பிள்ளைக்கு நிஜமாகவே கொடுத்துப் பார்க்கிறது. ஹன்னா ஒரு அமெரிக்க யூதச் சிறுமி. தாத்தா முகாமில் பட்ட பாட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். பஸ்கா விருந்தன்று, வழக்கப்படி எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கிறாள். வெளியே 1942, போலந்து. அங்கே அவள் பெயர் சாயா. கல்யாணத்துக்காக ஊரே பக்கத்து கிராமத்துக்குப் பாடிக்கொண்டு போகிறது. போன இடத்தில் நாஜிகளின் லாரிகள் நிற்கின்றன. வேறு இடத்தில் குடியமர்த்தப்போகிறோம் என்கிறார்கள். என்ன நடக்கும் என்று இவள் ஒருத்திக்குத் தெரியும். சொல்கிறாள். ஒருவரும் நம்பவில்லை.

இரண்டாம் உலகப்போர்ப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரு கை தூக்கும். "ஏன் டீச்சர், அவங்க முன்னாடியே ஓடிப்போயிருக்கக் கூடாதா?" பாடப்புத்தகத்தில் இதற்கு இடம் கிடையாது. நாமே வாய்மொழியாகச் சொல்லிச் சமாளிப்போம். இந்த நாவலில் அந்தக் கையைத் தூக்குகிற பிள்ளையே உள்ளே போய் நிற்கிறது. கல்யாணச் சந்தோஷத்தில் இருக்கிற ஜனங்களிடம் போய், நச்சுவாயு அறை என்று சொல்லிப் பார்க்கிறது. முகாமில் தலையை மழித்த பிறகு, ஹன்னாவுக்குத் தான் வந்த காலமே மறக்கத் தொடங்குகிறது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த ஞாபகம்தான்.

இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. அறுபது லட்சம் பேர் செத்த ஒன்றை, சலித்துக்கொண்ட ஒரு பெண்ணைத் திருத்துவதற்கான மருந்தாக்கிவிட்டாரோ என்று கடைசிப் பக்கங்களில் தோன்றியது. முழுக்க அப்படி இல்லை. ஆனால் விமர்சனம் எழுதுகிறவர் இதைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். லாஜிக் ஓட்டையைவிட இது பெரிய கேள்வி.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) பெரிய பிள்ளைகளுக்கு. பதினொன்று, பன்னிரண்டு வந்த பிறகு கொடுங்கள், அதுவும் நீங்கள் முதலில் படித்துவிட்டு. டேனா என்ற கறுப்பினப் பெண் 1976 கலிஃபோர்னியாவிலிருந்து, அடிமைமுறை நடந்துகொண்டிருந்த மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். தன் முன்னோனாகிய ஒரு வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியின் மகனைத் திரும்பத் திரும்பச் சாவிலிருந்து காப்பாற்ற வேண்டும். இல்லையென்றால் இவள் பிறக்கவே மாட்டாள். எப்படிப்பட்ட பொறி பாருங்கள். கடைசிப் பயணத்தில் ஒரு கையை இழந்ததாக முதல் வரியிலேயே சொல்லிவிடுவார் பட்லர். எப்படிப் போகிறாள் என்று கடைசிவரை விளக்க மாட்டார்.

அதனால் என்னுடைய மார்க் எங்கே என்றால், போன பிள்ளையும் திரும்பி வந்த பிள்ளையும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். எதை மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று பார்ப்பேன். ஒன்றுமே இழக்காமல், ராஜா காலத்து உடையைப் போட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிற கதைகள் ஏராளம். பொழுதுபோக்குக்குப் படிக்கட்டும், கெடுதல் இல்லை. அவற்றுக்கு ஐந்து ஸ்டார் போடுவதுதான் அநியாயம்.

என் பேத்தி படித்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) நூல் விமர்சனத்துக்கு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். தலைப்பு, ஆசிரியர், கதைச்சுருக்கம், நீதி. டாமின் தோட்டத்தைப் பற்றி எழுதிய இவள், நீதி என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டாள். இரண்டு மார்க் போச்சு. கதைச்சுருக்கத்தில் முடிவை எழுதாததற்கு இன்னும் ஒன்று. எனக்கு அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருந்தது.

விமர்சனம் எழுதும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வகை நாவலை இரண்டு முறை படிக்காமல் எழுதாதீர்கள். நல்ல காலப்பயணக் கதையில் முதல் பத்துப் பக்கத்திலேயே முடிவு உட்கார்ந்திருக்கும், நமக்குத்தான் தெரியாது. மிராண்டாவின் கதையில் ஆரம்பத்தில் தெருமுனையில் வந்துபோகிற ஒருவரை நாம் கண்டுகொள்ளவே மாட்டோம். இரண்டாம் முறை அதே பக்கம் தொண்டையை அடைக்கும். ஒரே முறை படித்துவிட்டு "தொடக்கம் மெதுவாகப் போகிறது" என்று எழுதியவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பத்தாம் வகுப்புக்குப் பயப்படுகிற என் அண்ணன் மகளுக்கு: அந்தப் புத்தகம் சுமார் 200 பக்கம். ரெண்டு தடவை படித்தாலும் ஒரு கிரிக்கெட் மேட்ச் நேரம்தான் ஆகும். உன் வீட்டில் வாரம் எத்தனை மேட்ச் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

தமிழில் இளையோருக்கு இப்படி ஒன்று வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. சோழர் காலம் என்றாலே நாம் அரண்மனைக்குத்தான் போகிறோம். நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்துச் சூடாமணி விகாரம் இருந்த ஊரில் பிறந்தவர்கள் நீங்கள். அந்தப் பௌத்தக் கட்டடங்களில் எஞ்சிய மூன்று நிலைச் செங்கல் கோபுரம் கடலில் வருகிற கப்பல்களுக்கு அடையாளமாக நின்றது. 1867-இல் இடித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதற்கு முந்தின வாரத்தில் போய் இறங்கட்டும். நாளைக்கு இடிக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வாள்? யார் கேட்பார்கள்? உங்களில் நாலைந்து பேர் நன்றாக எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். யாராவது எழுதி அனுப்பினால், இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.